இணைச்சீர் அறை

தலையில் பேழைக்கூடையோடு அவள் நிற்கிறாள், பக்கத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் தம்பி, அவள் இடுப்பில் செருகிய கூறைச்சேலையின் மறுதலைப்பு அவன் கையில், விட்டுடாதடா நாச்சிமுத்து, கெட்டியாப் புடிச்சுக்க என்கிறார் எங்களைப் பெற்ற அய்யன், அவன் சிரித்துக்கொண்டே இறுக்குகிறான், இல்லை, யாரும் சிரிக்கவில்லை, இரண்டும் பொம்மைகள், முன்னால் கயிறு கட்டியிருக்கிறது, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவள் நான், அந்தச் சேலை என் சேலை, இந்த அறை போன தை வரைக்கும் நான் படுத்துக் கிடந்த அறை.

இணைச்சீர் என்றால் எங்கள் பக்கத்தில் லேசுப்பட்டதில்லை, தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை தன் கூடப்பிறந்தவளோடு நிற்க வேண்டும், நாளைக்குப் பெண்டாட்டி வந்தாலும் பொறந்தவளைக் கைவிட மாட்டேன் என்று சபைக்குச் சொல்கிற சீர் அது, அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டு பந்தல் சரிய, இந்தப் பருத்தி அறைக்குள்தான் எங்களை நிறுத்தினார்கள், கூடை கனத்துக் கழுத்து நோகிறது, கனக்குதா அக்கா என்று காதோரம் கேட்கிறான், அந்தக் குரலை நம்பித்தானே என் வீட்டுக்காரர் காமாலையில் போனதும் ஒரு டிரங்குப் பெட்டியோடு இங்கே வந்து இறங்கினேன், இது உன்ற வீடு அக்கா, ஆருகிட்டக் கேக்கோணும் என்று அவனே பருத்தி மூட்டைகளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தான், அந்த ஒரு வார்த்தைக்காகச் சாணி அள்ளினேன், காட்டு வேலைக்கு வந்தவர்களுக்குப் பொங்கிப் போட்டேன், அவன் பிள்ளைகளை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தேன், கசந்ததா, சத்தியமாக இல்லை.

பிறகு அவன் கோயமுத்தூரில் பங்களா கட்டிக்கொண்டு போனான், அய்யன் பேரு நிக்கோணும் அக்கா, நம்ம பண்ணை வீட்டை மியூசியம் ஆக்கப்போறேன் என்று ஒருநாள் வந்து நின்றான், நானும் பூரித்துப் போனேன், கேனச்சி! மியூசியத்துக்காகப் படமெடுக்க வந்த பெண்பிள்ளைகள் அம்மா அம்மா என்று சுற்றி உட்கார்ந்து கேட்கக் கேட்க இணைச்சீரை ஆதியோடந்தமாகச் சொன்னேன், பெட்டிக்கு அடியிலிருந்த கூறையை எடுத்துக் கொடுத்தேன், எங்க நின்னீங்க என்றதற்கு இங்கதான் கண்ணு, நான் படுக்கற இடத்துலதான் என்று விரலை நீட்டிக் காட்டினேன், சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

மறுவாரமே வந்துவிட்டான், அந்த ரூமுதான் முக்கியமுன்னு சொல்லிப்போட்டாங்க அக்கா, உனக்கு டவுன்ல ஒரு லைன் வீடு பாத்திருக்கறேன், கொழாத் தண்ணி நல்லா வருது, ஏண்டா, நான் மாட்டுக்கொட்டாயில ஒரு மூலையில கெடந்துக்கறனே என்றேன், அதையும் காட்சிக்கு வெக்கறாங்களே அக்கா என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு, ஏருக்கு இடமிருக்கிறது, உரலுக்கு இடமிருக்கிறது, விளிம்பு உடைந்த பால்சட்டிக்குக்கூட ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, உயிரோடு இருக்கிறவளைத்தான் தண்ணி தெளித்து விட்டுவிட்டான்.

இன்றைக்குத் திறப்பு விழா, ஊரே வந்திருக்கிறது, நானும் பஸ் பிடித்து வந்திருக்கிறேன், பொறந்தவள எந்தக் காலத்துலயும் கைவிடாத பரம்பரைங்க நாங்க என்று அவனே விளக்குகிறான், கைதட்டுகிறார்கள், ஃபேன் காற்றில் பொம்மைத் தம்பியின் கையிலிருந்து தலைப்பு நழுவி விழுகிறது, என்னை அறியாமல் என் கை கயிற்றைத் தாண்டிப் போகிறது, அம்மா, தொடக்கூடாதுங்க என்கிறாள் காவலுக்கு நிற்கிற பெண், அது என்ற சேலை கண்ணு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கையை இழுத்துக்கொள்கிறேன், அவன் என்னைப் பார்த்துவிட்டான், பார்த்தும் பார்க்காதவனாகக் கிட்டே வருகிறான், கனக்குதா அக்கா என்று கேட்பானோ என்று, வெட்கங்கெட்ட மனசு, காத்துக்கொண்டு நிற்கிறது, அவன் குனிந்து தலைப்பை எடுக்கிறான், தன் சட்டையில் குத்தியிருந்த விழா பேட்ஜின் ஊசியைக் கழற்றி அதைப் பொம்மையின் கையோடு சேர்த்துக் குத்துகிறான், இனி உளுகாதுங்க என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறான், அவள் நிற்கிறாள், தலையில் கூடை, உள்ளே ஒன்றுமில்லை, கழுத்து நோகாமல் நேராக நிற்கிறாள், தம்பி தலைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், விடவே மாட்டான்.