மேட்டில் எல்லோருக்கும் ஒரே கோட்டு

...காதைத் தாண்டியாயிற்று, இனித் தாடை, தாடையில் மட்டும் கை பிசகாமல் இருந்தால் போதும், மணி மூன்று ஐந்து, நான்கு மணிக்குக் கரண்ட் போய்விடும், இந்த வாரம் முழுக்க எங்கள் தெருவுக்கு நான்கிலிருந்து ஏழு வரை கிடையாது, அதற்குள் குபாத்தின் தலையை இந்தக் குதிரை மேலிருந்து இறக்கி, நெற்றிவரை சரிந்த நரித்தோல் தொப்பியை எடுத்துவிட்டு வெள்ளைக் கல்பாக் வைத்து, கோட்டு போட்டு, கல்லறைக் கல்லில் முகம் பொறிக்கும் ரினாத்துக்கு அனுப்பியாக வேண்டும், சனிக்கிழமையோடு குபாத் செத்து ஒரு வருடம், அன்றைக்கு வருட விருந்து, விருந்துக்கு முன் கல் நிற்க வேண்டும், முகமில்லாத கல்லைக் காட்டிவிட்டு இருநூறு பேருக்கு எப்படி இறைச்சி பரிமாறுவது என்று அவன் தம்பி அசில்பெக் காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டான், பாஸ்போர்ட் படத்துக்கான நீலத்திரைக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து தொப்பியை முழங்காலில் வைத்திருக்கிறான், இருக்கிற ஒரே படம் இந்தக் குதிரைப் படம்தான், குபாத் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யாரையோ திட்டுகிற மாதிரி... தாடை, மெதுவாக, இதோ இந்த வளைவு... திரை வெளுத்துப்போனது. அப்படியே நின்றுவிட்டது. கோடு, தாடை, குதிரை எல்லாம் பனிமூட்டத்துக்குள் போய்விட்டன.

“போச்சா எஜே?” என்றான் இஸ்மார் முதுகுக்குப் பின்னாலிருந்து, வாய் நிறைய நூடுல்ஸோடு, இந்த ஊருக்கே நான் எஜே, அக்கா.

“போகலை. யோசிக்குது.”

“இன்னிக்கு மூணாவது தடவையா யோசிக்குது. என் மாமியார்கூட இவ்வளவு யோசிக்க மாட்டா.”

அஷ்லியான்-ஃபூ கிண்ணத்தைப் பிரிண்டர் மேல் வைத்திருக்கிறான், காடி வாசனை கடை முழுக்க, வேறொரு நாளாயிருந்தால் கிண்ணத்தோடு வெளியே அனுப்பியிருப்பேன், ஆனால் கராகோலில் கம்ப்யூட்டர் பார்க்க இவனைவிட்டால் யார், திங்கட்கிழமை அல்மாட்டிக்குப் போகிறான், இன்றைக்கு விட்டால் அப்புறம் இரண்டு மாதமாகும் என்று சொல்லிவிட்டான், இந்தப் பெட்டி இரண்டு மாதம் தாங்காது என்பதையும் சொல்லிவிட்டான், உள்ளே ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போடுவது எனக்கே கேட்கிறது. புதுப் பெட்டி, அதில் புதுப் புரோகிராம், பழைய ஃபைல்கள் எல்லாம் அதற்குள் திறக்குமா என்று கேட்டேன், பத்தில் எட்டு திறக்கும் என்றான், மீதி இரண்டு என்றேன், அது அல்லா விட்ட வழி என்றான். அந்த இரண்டில் எது இருக்கும்? எனக்குத் தெரியும், எது இருக்கும் என்று. இந்தப் பழைய புரோகிராம் பஜாரில் என் கணவன் மெலிஸ் வாங்கிவந்த திருட்டு சி.டி. தட்டிலிருந்து வந்தது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கேட்கும், புதுப்பிக்கவா, ஆம், பிறகு. பிறகு, பிறகு, பிறகு... கல்யாணப் படங்கள், தொட்டில் விழாப் படங்கள், பாஸ்போர்ட் மூஞ்சிகள், ஊரில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்து வேலைக்கு மாஸ்கோ போய்விட்டது, நான் பிறகு அழுத்திக்கொண்டே இருக்கிறேன், ஆம் அழுத்தினால் என்ன ஆகும் என்று... சரி, அது எதற்கு இப்போது. பெட்டியை அணைத்து மறுபடி போட்டேன். ஆறு நிமிடம் எடுக்கும். மணி மூன்று பன்னிரண்டு.

ஆறு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மெலிஸ் வராமல் இருப்பானா. இதே அறை, இதே நீலத்திரை, 2005, ஏப்ரல், ஜன்னலுக்கு வெளியே சேறும் வெயிலும். ஜெட்டி-ஒகூஸ் பக்கத்திலிருந்து ஒரு மேய்ப்பன் மகன் வந்தான், செத்துப்போன அப்பாவுக்கு ஒரே படம், பஞ்சு வெளியே வந்த அங்கியும் வாயில் சிகரெட்டுமாக, கல்லில் எங்கப்பா பிச்சைக்காரன் மாதிரி நிக்கக்கூடாது எஜே, கோட்டு போட்டுடுங்க என்றான், கோட்டுக்கு நான் எங்கே போவேன்? மெலிஸ் சிரித்தான். வீட்டுக்குப் போய்ப் பதிவுத் திருமணத்துக்குப் போட்ட சாம்பல் கோட்டை எடுத்துவந்து, சட்டைக் காலரைத் தண்ணீர் தெளித்துத் தேய்த்து, இதோ இந்த முக்காலியில் உட்கார்ந்தான், நேரே ஒன்று, இடப்பக்கம் திரும்பி ஒன்று, வலப்பக்கம் திரும்பி ஒன்று. நான்தான் எடுத்தேன். கீழே கோட்டுக்குப் பொருந்தாத ட்ராக் பேன்ட், காலில் கம்பளி உறை, படத்தில் அது வராது இல்லையா, நான் சிரிப்பை அடக்க முடியாமல் கேமரா ஆடி முதல் ஏழு படமும் கெட்டுப்போயின, “செத்தவங்க முன்னாடி சிரிக்காதடி” என்றான் அவன், முகத்தை நேராக வைத்துக்கொண்டு, அதில் இன்னும் இரண்டு கெட்டன. அன்று சாயங்காலமே மேய்ப்பனுக்குக் கோட்டு ஏறிவிட்டது. தலை ஓர் அடுக்கு, தோள் ஓர் அடுக்கு, நடுவே கழுத்தில் கொஞ்சம் நிழல், அவ்வளவுதான் வேலை. அப்புறம் யார் வந்தாலும் அந்தக் கோட்டுதான், டிராக்டர் ஓட்டியவர், மீன் பிடித்தவர், பள்ளிக் காவலாளி, வாழ்க்கையில் ஒருநாள்கூடக் கோட்டு போடாத ஆண்களெல்லாம் ஊருக்குக் கிழக்கே அந்தக் கல்லறை மேட்டில் சாம்பல் கோட்டோடு நின்றார்கள். முல்லா மட்டும் கல்லில் முகம் கூடாது என்று வருஷத்துக்கு ஒருமுறை சொல்வார், எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு எங்கள் கடைக்கு வருவார்கள். 2011 ஜனவரியில் போட்டோ பேப்பர் வாங்க பிஷ்கெக் போன மெலிஸ் பூம் பள்ளத்தாக்கில், பனிக்கட்டி மேல், லாரிக்கு அடியில்... அவனுக்கும் நான்தான் செய்தேன். அது ஒன்றுதான் சுலபமாக இருந்தது. வெட்டவும் வேண்டியதில்லை, ஒட்டவும் வேண்டியதில்லை.

“எஜே, சும்மா ஒரு நிமிஷம் இதைப் பாரு” என்றான் இஸ்மார். அவன் லேப்டாப்பில் புதுப் புரோகிராமைத் திறந்து வைத்திருந்தான். குதிரைப் படத்தை உள்ளே போட்டான், தலையைச் சுற்றி ஒரு வட்டம், அவ்வளவுதான், குதிரை தானாக மறைந்துவிட்டது, நான் முக்கால் மணி நேரமாக இழுத்துக்கொண்டிருந்த தாடையை அது ஒரு மூச்சில் முடித்துவிட்டது, அதுவும் மீசை மயிர் ஒன்றுகூட விடாமல். அப்புறம் கீழே ஒரு கட்டத்தில் ‘சாம்பல் கோட்டு, டை’ என்று தட்டினான். நான்கு விநாடி. குபாத்துக்குத் தோள் முளைத்தது. எங்கேயும் எப்போதும் எவனும் போடாத ஒரு கோட்டு, மடிப்பு மடிப்பாக, வெளிச்சம் சரியான பக்கத்திலிருந்து... பொறாமையாக இருந்ததா எனக்கு? இருந்தது. அந்தத் தோளுக்குள் யாருமே இல்லையே என்று தோன்றியது, யாரும் இல்லாவிட்டால் என்ன, கல்லுக்குப் படம்தானே வேண்டும், ஆள் எதற்கு?

அசில்பெக் எழுந்துவந்து குனிந்து பார்த்தான். “நல்லாத்தான் இருக்கு” என்று இழுத்தான். “ஆனா இது யாரோ எம்பி கோட்டு மாதிரி இருக்குப்பா. எங்கண்ணன் ஆயுசுல நானூறு ஆட்டைத் தவிர எதையும் ஆண்டதில்லை. இதைப் போட்டு நிறுத்தினா பக்கத்துக் கல்லுக்காரங்க சிரிப்பாங்க.”

“செத்தவங்க எப்படிச் சிரிப்பாங்க பைகே?” என்றான் இஸ்மார்.

“அவங்க வீட்டுல உயிரோட இருக்காங்களே, அவங்க சிரிப்பாங்க.” என் பக்கம் திரும்பினான். “எஜே, மேட்டுல எல்லாரும் போட்டிருக்காங்களே, மெலிஸ் பைகே கோட்டு, எனக்கு அது போதும். இவனுக்கும் தனியா இருக்கிற மாதிரி தெரியாது.”

மெலிஸ் பைகே கோட்டு. பைகே என்றால் அண்ணன், ஊர் முழுக்க அப்படித்தான் சொல்கிறது, அவன் போன பிறகு அது இன்னும் கூடிவிட்டது, மெலிஸ் எல்லோரையும் தாங்கிக்கொண்டு நிற்கிறான் என்று கசாப்புக்கடையில் ஒருவர் சொன்னார், நான் மீதிச் சில்லறை வாங்காமல் வந்துவிட்டேன். போன மே மாதம் மெலிஸின் தங்கை குல்பாராவோடு மேட்டுக்குப் போயிருந்தேன், அண்ணனுக்குத் துஆ ஓதி முடித்தவள் எழுந்து கல் கல்லாக நடந்துகொண்டே போனாள், தபால்காரர் துர்துமாம்பெட்டின் கல்லுக்கு முன் நின்றாள், மூன்று வருடத்துக்கு முன் வைத்த கல், கையுறையைக் கழற்றிவிட்டு இடத் தோளில் உள்ளங்கையை வைத்தாள், “பாத்தியா, இந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும், சின்ன வயசுல தண்ணி வாளி தூக்கித் தூக்கி ஆனது, எங்கண்ணன் தோளு எனக்குத் தெரியாதா” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஆமாம் என்றேனா? என்றேன். வேறு என்ன சொல்வது, காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது.

பெட்டி முழித்துக்கொண்டது. ஆறு நிமிடம் பதினாலாகி, மணி மூன்று இருபத்தாறு. புதுப்பிக்கவா, பிறகு. குபாத்தின் பாதித் தாடை அப்படியே இருந்தது, நல்லவேளை, மீதியை இழுத்தேன், கல்பாக் வைத்தேன், கோட்டு ஃபைலைத் திறந்து தலையை அதன் மேல் இறக்கினேன், கழுத்தில் நிழல். மூன்று நாற்பத்தொன்று. அசில்பெக் நெடுநேரம் பார்த்தான், “இப்பத்தான் அவன் மாதிரி இருக்கான்” என்றான், அதை எப்படி நம்புவது, கோட்டு போட்ட குபாத்தை அவனே பார்த்ததில்லையே. ரினாத்துக்கு அனுப்பினேன். போயிற்று.

“சரி எஜே, வேலை முடிஞ்சுது, இப்பப் பேசுவோம்” என்று இஸ்மார் கிண்ணத்தை நகர்த்திவிட்டு உட்கார்ந்தான். “உன் பயமெல்லாம் அந்தக் கோட்டு ஃபைல்தானே? குடு, இங்கே திறந்து பாத்துடலாம். திறந்தா மாத்துறேன். திறக்கலைன்னா தொட மாட்டேன், உன் தலையெழுத்துன்னு போயிடறேன்.” பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். திறக்க வேண்டும் என்று நினைத்தேனா, திறக்கக் கூடாது என்றா, திறக்காவிட்டால் இந்தக் கரகரக்கும் பெட்டியோடு இன்னும் இரண்டு மாதம், ஒருநாள் அது நின்றுபோகும், அன்றைக்கு எதுவும் இருக்காது, திறந்துவிட்டால்... திறந்துவிட்டது. தடையே இல்லாமல். தோள்கள், டை, கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளை. புதுத் திரையில் துணியின் நூல்கூடத் தெரிந்தது. ஓரத்தில் ஒரு சிறிய பட்டியல், நான் இதுவரை பார்த்திராதது, எந்தக் கேமரா, எவ்வளவு வெளிச்சம், என்றைக்கு.

“எஜே, எடுத்த தேதி 2013 நவம்பர்னு காட்டுதே” என்றான் இஸ்மார். “மெலிஸ் பைகே கேமராவுல வருஷத்தைத் தப்பா வச்சிருந்தாரா?”

“வச்சிருப்பார்” என்றேன். “அவருக்குத் தேதியெல்லாம் எங்கே ஞாபகம் இருந்துச்சு.”

“அப்ப மாத்திடவா?”

அவன் காத்திருக்கிறான், அசில்பெக் தொப்பியை மாட்டிக்கொண்டு நன்றி சொல்கிறான், நான் தலையாட்டுகிறேன்... எதைத் தொலைத்துவிடுவேன் என்று இத்தனை வருடம் பயந்தேன், தொலைந்தது தொலைந்து எத்தனை நாளாயிற்று. அந்த நவம்பரில் ஒரு மத்தியானம், எதையோ நினைத்துக்கொண்டு, ஆம் அழுத்தினேன். புரோகிராம் தன்னைத் தானே அழித்துக்கொண்டு ஏதோ எண் கேட்டது, பஜார்த் தட்டுக்கு ஏது எண், சரிபண்ணத் தூக்கிக்கொண்டு போன இடத்தில், சுத்தம் பண்ணிட்டேன் எஜே, புதுசு மாதிரி இருக்கு என்று திருப்பிக் கொடுத்தார்கள். பழைய புரோகிராமை மறுபடி ஏற்றியிருந்தார்கள். மெலிஸ் இல்லை. நேரே ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று, எதுவும் இல்லை, காகிதப் பிரதிகளை ரினாத் பொறித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுவார். மறுநாள் காலை ஒரு குடும்பம் வந்து நின்றது, எங்கப்பாவுக்கும் மெலிஸ் பைகே கோட்டு வேணும் என்று. சாயங்காலம் வாங்க என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன், பலகையைத் திருப்பிப் போட்டேன், அலமாரியிலிருந்து சாம்பல் கோட்டை எடுத்தேன். எனக்குப் பெரிது. தோளுக்குள் இரண்டு துண்டுகளை மடித்துத் திணித்தேன், முதுகில் துணி கிளிப் நான்கு, டை கட்டத் தெரியாமல் மூன்று தடவை. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திப் பத்து விநாடி டைமர் வைத்துவிட்டு ஓடிவந்து முக்காலியில் உட்கார்ந்தேன், கேமராப் பை மாட்டி மாட்டி இறங்கிப்போன இடத் தோளை நிமிர்த்தப் பார்த்தேன், நிமிரவில்லை, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்... அதற்குப் பிறகு அந்த மேட்டுக்குப் போன அத்தனை ஆண்களின் தலைக்கும் கீழே அந்தக் கோட்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான்.