குட்டி டெஸ்டர்

போன் ரிப்பேர் கடைக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். பாலர் பள்ளி டீச்சர் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை, நின்றபடியே ஆரம்பித்துவிட்டார்.

"என் பொண்ணு கடிச்சாளா? ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத புள்ள, டீச்சர்! அந்தப் பையன் என்ன பண்ணித் தொலைச்சானோ, அதை முதல்ல கேளுங்க."

டீச்சர் கோபப்படவில்லை. "அந்தப் பையனோட அம்மா ரொம்ப வருத்தப்படுறாங்க. இவ வந்தா அவன் வரமாட்டான்னு சொல்றாங்க. இவளும் பாவம், வந்ததுமே மேசைமேல சாஞ்சு தூங்கிடுறா. எழுப்பினா கத்துறா, கைக்குக் கிடைச்சதைத் தூக்கி எறியறா. வீட்டுல போன் அதிகமா பார்ப்பாளோ?"

"போனா? அந்தப் பேச்சே கிடையாது. இருட்டினா படுக்கை!"

கண் இமைக்காமல் புளுகினார். நாளெல்லாம் போனையே கட்டிக்கொண்டு அழுகிற மனுஷன், நாக்கு கூசவேண்டாமா?

மனைவிக்கு மாலை நேர வேலை. அதனால் பள்ளி விட்டதும் மகள் கடைக்கு வந்துவிடுவாள், ஷட்டரை இறக்கும்வரை அங்கேதான். புதுத் திரை போட்ட போனெல்லாம் அவள் கைக்குப் போகும். மூலைக்கு மூலை தட்டுவாள், இழுப்பாள், பாட்டு வீடியோ ஓடவிடுவாள். "எங்க டெஸ்டர் பாஸ் போடாம ஒரு போனும் வெளிய போகாது!" என்று வாடிக்கையாளர்களிடம் இவருக்குப் பெருமை வேறு. ஒன்று முடிந்தால் அடுத்தது. பிள்ளை வாயைத் திறக்காமல் இருக்கிறதே, அது போதும் அவருக்கு. வீட்டுக்குப் போனபின் அவள் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பாள்.

டீச்சர் நம்பிவிட்டார். "அப்ப அந்தப் பையனைத்தான் விசாரிக்கணும் போல."

தப்பித்தோம் என்று இவர் கிளம்பும்போது, மேசைமேலிருந்த டீச்சரின் போன் அடித்தது. மூலையில் முறைத்துக்கொண்டு நின்ற மகள் ஓடிவந்து அதை எடுத்தாள். நாலு மூலையிலும் தட்டினாள். நடுவில் ஒரு இழுப்பு. அழைப்பு துண்டிக்கப்பட்டது. சமர்த்தாக அப்பாவிடம் நீட்டினாள்.

"டச் ஓகேப்பா. அடுத்தது குடு."

டீச்சர் இவரை நிமிர்ந்து பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வை!

"ஏய், சும்மா இரு," என்று போனைப் பிடுங்கினார். அவ்வளவுதான், நறுக்கென்று அவர் கையைக் கடித்துவிட்டுத் தரையில் விழுந்து புரண்டாள். கட்டடமே அதிர்கிற கத்தல்.

கடிபடாத கை பழக்கதோஷத்தில் தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. விரல் உள்ளே நுழைந்ததும் அழுகை டக்கென்று நின்றது. மகள் அந்தப் பையையே பார்த்தாள். டீச்சரும்தான்.

மானம் கப்பலேறிவிட்டது. போனை உள்ளேயே விட்டுவிட்டு, வெறுங்கையை வெளியே எடுத்தார். கத்தல் மறுபடி தொடங்கியது.

"அந்தப் பையன்மேல தப்பில்லை, டீச்சர். நான் பொய் சொன்னேன்."

அந்தக் கத்தலில் டீச்சருக்கு அது கேட்கவில்லை. இன்னொரு தடவை, சத்தம் போட்டுச் சொல்லவேண்டியிருந்தது.