பல் டாக்டரைக் கடித்த கிளி

பல் டாக்டருக்கு ஏழு நாளில் ஏழு கடி. இருபது வருஷமாக ஊரார் வாய்க்குள் கையை விட்டும் ஒரு கீறல் படாதவர், பல்லே இல்லாத ஒரு ஜீவனிடம் மாட்டிக்கொண்டு முழித்தார்.

பறவைகள் காப்பகத்திலிருந்து அவர் தத்தெடுத்து வந்த கிளி அது. வீட்டின் முன்னறைதான் கிளினிக் என்பதால் கூண்டும் அங்கேயே இருந்தது. மனைவி கெடு வைத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். அப்புறமும் கடிச்சா திருப்பிக் கொண்டுபோய் விட்டுடுங்க."

டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தக் கிளிமேல் அவருக்கு உயிர். காலையில் கதவைத் திறந்ததும் அவரைப் பார்த்துச் சந்தோஷமாகக் கூவுகிற ஆள் அந்த அறைக்கு அதுவரை வந்ததில்லை.

ஆனால் மனிதர் செய்த காரியத்தைப் பாருங்கள். முகக்கவசம், கையுறை சகிதம் போய், தலைக்கு மேலிருந்து கையை இறக்கி, "வலிக்காது, ஒரே நிமிஷம்" என்பார். இத்தனை வருஷத்தில் யாருமே நம்பாத அந்தப் பொய்யைக் கிளியும் நம்பவில்லை. ஒருநாள் கடிபட்டு டாக்டர் போட்ட அலறலில் காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். கிளிக்கோ அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்துப்போனது.

புதன்கிழமை நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. "வலிச்சா கையத் தூக்குங்கன்னு பேஷன்ட்கிட்ட சொல்றீங்களே டாக்டர், தூக்கினா நிறுத்துறீங்களா?"

"இன்னும் கொஞ்சம்தானேன்னு முடிச்சிடுவேன்."

"இதுவும் தன் பாஷையில கையத் தூக்குது. இறகை உடம்போட ஒட்ட வச்சுக்குது, கண்மணி சுருங்கி விரியுது, பின்னால நகருது. நீங்க நிறுத்தல. அப்புறம்தான் கடிக்குது."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். வெறுங்கையை எதிரே தாழ்வாக நீட்டிக் காத்திருந்தார். கிளி பின்வாங்கினால் அவரும் பின்வாங்கினார். வியாழக்கிழமை ஒரு கடி விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்தும் அவர் அலறவில்லை. சனிக்கிழமை கிளி அவர் விரலில் ஒரு காலை வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு வந்து நின்றாள். டாக்டர் கையை நீட்டினார். கிளி இறகை ஒட்ட வைத்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, வரல."

"அதுக்கு இப்ப இஷ்டமில்ல. இஷ்டமில்லாதப்ப தொடாம இருந்தா அது கடிக்கிறதே இல்ல. அதைக் கேட்டுத்தான் செய்யணும்."

"கிளியக் கேக்குறீங்க," என்றாள் மனைவி. "வீட்டுக்குக் கொண்டுவர்றதுக்கு முன்னாடி என்னைக் கேட்டீங்களா?"

டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கிளினிக்குக்கு முன்னறையை எடுத்துக்கொண்டபோதும் அவர் கேட்கவில்லை.

"கேக்கல. தப்புதான். இப்ப கேக்குறேன். இது இங்க இருக்கலாமா?"

"வேண்டாம்னு சொன்னா?"

"கொண்டுபோய் விட்டுடுறேன்." சொல்லிவிட்டுக் கிளியைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் பெட்டிக்காகக் கையை நீட்டினார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தட்டையாக மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"கூண்டை நீங்கதான் கழுவணும்," என்றாள்.