உள்ளே போகும் லென்ஸும் ருக்மிணியின் சமையலறையும்

வாருங்கள், வந்து பாருங்கள், பார்த்த பின் இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்! பெங்களூரு அடுகோடியில், ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், கஸ்தூரிரங்கன் தம் கேமராவின் லென்ஸை உள்ளே தள்ளும்போதெல்லாம் அவர் வீட்டுச் சமையலறையும் சுவருக்குள் போய்விடுகிறது. அடுப்போடு போகிறது, அலமாரியோடு போகிறது, அங்கே நின்று ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி ருக்மிணியோடும் போகிறது. லென்ஸை வெளியே இழுத்தால் எல்லாம் திரும்பி வருகின்றன. ஒரு பெண் வாழும் இடத்தை ஓர் ஆணின் விரல் நுனி சுருக்குவதும் விரிப்பதுமாக இருக்க, அந்த விரலுக்கு உரியவருக்கே அது தெரியாமல் இருந்ததுதான் அநீதி. சுவர் நகர்ந்தது அநீதியில்லை. பெங்களூரில் சுவர்கள் எப்போதுமே நகர்பவைதாம்.

கஸ்தூரிரங்கன் கெட்டவர் அல்லர். பாட்டனார் மைசூர் அரசில் நில அளவையாளர். பேரன் மேம்பாலங்களுக்கு வரைபடம் போடும் பொறியாளர். ஊருக்கெல்லாம் அளவு சொல்லும் அந்த மனிதர், தம் வீட்டுக்குள் ஓர் அறை போய்வருவதை அளக்கவில்லை. காரணம் அவருடைய கேமரா. அது ரேஞ்ச்ஃபைண்டர் வகையைச் சேர்ந்தது. அதில் நாம் பார்ப்பது லென்ஸின் வழியாக அன்று; பக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு சிறு சன்னல் வழியாக. லென்ஸ் வெளியே இருந்தாலும், உள்ளே கிடந்தாலும், மூடியே மாட்டியிருந்தாலும் அந்தச் சன்னலில் உலகம் பளிச்சென்றுதான் தெரியும். கஸ்தூரிரங்கன் அந்தச் சன்னலிலேயே குடியிருந்தார்.

கேமராவோ நேற்று வந்த டிஜிட்டல். அதன் முகத்தில் அவர் மாட்டியதோ, அவருடைய தந்தைக்குத் திருமணம் ஆவதற்கு முன்பே பிறந்த மடக்கு லென்ஸ். ஆமைத் தலைபோல உள்ளே ஒடுங்கியிருக்கும். இழுத்து, திருகி, பூட்டிய பிறகுதான் படம் எடுக்க வேண்டும். எடுத்தானதும் உள்ளே தள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். பழைய பிலிம் கேமராவுக்குள் அதற்குத் தாராளமாக இடம் இருந்தது. டிஜிட்டலில் முழுவதும் தள்ளினால் பின்னால் எதிலாவது முட்டும் என்று அஞ்சுவோர், குழலின் மேல் ஒரு பட்டை நாடாவைச் சுற்றி, பாதிக்கு மேல் போகாமல் தடுப்பார்கள்.

ஞாயிறுதோறும் கப்பன் பூங்காவில் அவரோடு படம் எடுக்க வரும் டெரிக் முதல் நாளே எச்சரித்தார். "ரங்கா, டேப் சுத்துடா. முட்டிச்சுன்னா கேமராவுக்குக் காரியம் பண்ண வேண்டியதுதான்."

"வெள்ளியாட்டம் ஜொலிக்கறது, இதுக்குப் போய் டேப் ஒட்டுவாளா? உனக்கு ரசனையே இல்லடா."

"ரசனைய வச்சுக்கோ, டேப்பையும் ஒட்டிக்கோ."

ஒட்டினார். அதன் பயனாகச் சமையலறை பாதிதான் உள்ளே போயிற்று. ருக்மிணி பக்கவாட்டில் நின்று சமைக்கப் பழகிக்கொண்டார். எதிர் வீட்டுத் தமயந்தி, கிருஷ்ணகிரியிலிருந்து வந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் பெண், காலையில் கம்பெனி வண்டிக்கு ஓடும்போது, "மாமி, இன்னிக்கு உள்ளயா வெளியயா?" என்று கேட்டுவிட்டுத்தான் தோசை மாவு கடன் கேட்பாள். சிலிண்டர் கொண்டுவருபவரும் அப்படியே. மழை வருமா என்று கேட்பதுபோல் கேட்டார்கள். அதைப்போலவே பதிலும் பெற்றார்கள்.

அந்த லென்ஸில் கஸ்தூரிரங்கன் செங்கல் சுவரை எடுத்தார்; மூலைகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பார்க்க. காபி டம்ளரை எடுத்தார். பின்புலம் எப்படிக் கரைகிறது என்று பார்க்க. வாசலில் நிற்கும் சரக்கு வண்டியைக்கூட எடுத்தார். ருக்மிணியை எடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம் வெளிச்சம் சரியில்லை.

இந்த நிலையில்தான் அடுக்ககச் சங்கத் தேர்தல் வந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று ஒரு பலகை அங்கே நெடுங்காலமாகத் தொங்கிற்று. பலகையை மாட்டியவர் தலைவர் பாலசுப்ரமணியன். அவரை எதிர்த்து எவரும் நின்றதில்லை. ருக்மிணி நின்றார். போட்டியிடுவோர் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் தம் படத்தைத் தர வேண்டும், தராதவர் பெயர் நீக்கப்படும் என்பது விதி.

"ஏன்னா, ஒரே ஒரு படம். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"கைபேசில எடுத்தா முகம் உப்பிண்டு தெரியும்டி. நானே எடுக்கறேன். சாயங்கால வெளிச்சத்துல பிரமாதமா வரும்."

வெள்ளி மாலை வந்தது. பட்டுப்புடவை கட்டிக் கூடத்தில் நின்ற ருக்மிணியை அவர் எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். திரையில் வந்ததெல்லாம் வெறும் மூட்டம். ஈரப்பதம் என்றார். கண்ணாடியில் பூஞ்சை என்றார்.

"லென்ஸ வெளில இழுத்தேளா?" என்றார் ருக்மிணி.

இழுக்கவில்லை. புதிய கேமராக் குழுவொன்றில் காட்டிப் பெருமையடித்துக்கொள்வதற்காக அன்று காலை நாடாவை உரித்தவர், இழுக்கவும் மறந்திருந்தார். வெட்கத்தோடு இழுத்தார், சமையலறை வெளியே வந்தது, அதற்குள் மறந்துபோன பாலும் பொங்கிக்கொண்டே வந்தது. அடுப்பை அணைக்க ருக்மிணி ஓடினார். கஸ்தூரிரங்கனின் விரலோ, எடுத்தாயிற்று தள்ளு என்ற பழக்கத்தில், லென்ஸை அழுத்தி உள்ளே தள்ளிற்று. தடுக்க நாடா இல்லை. முழுவதும் போயிற்று; போய் முட்டி மாட்டிக்கொண்டது. சமையலறை இருந்த இடத்தில் வெள்ளையடித்த சுவர் நின்றது. மணி ஐந்தரை.

அவர் சன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தார். எல்லாம் பளிச்சென்று இருந்தது. கண்ணை எடுத்தார். முதன்முறையாகச் சுவரைப் பார்த்தார்.

"ருக்மிணி!"

"கத்தாதீங்கோ. இங்கதான் இருக்கேன். இத்தனை நாளா இங்கதான் இருக்கேன்."

சத்தம் கேட்டுத் தமயந்தி ஓடிவந்தாள். சுவரில் காதை வைத்தாள். "மாமா, இது தெனமும் நடக்குதே, உங்களுக்குத் தெரியாதா? சிலிண்டர் அண்ணனுக்கே தெரியுமே!" என்று கேட்டாள். பொறியாளர் டெரிக்கை அழைத்தார். தொலைபேசியில் டெரிக் வழி சொன்னார்: "இடுக்கி எடுத்தே, கொன்னுடுவேன். உள்ளங்கையில வச்சு சூடாக்கு. இடது பக்கம் மெல்லத் திருகு." கஸ்தூரிரங்கன் கேமராவை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு சுவரருகே உட்கார்ந்தார்.

"நீங்க திருகுங்கோ, நான் உள்ளேருந்து தள்றேன்," என்றது சுவர். "பாலசுப்ரமணியனுக்கு இன்னிக்கு நான் விட்டுக்குடுக்கறதா இல்ல."

அவர் திருகினார், அவர் மனைவி தள்ளினார். பாத்திர மூடி கழன்று விழும் ஓசையோடு லென்ஸ் வந்தது, சமையலறையும் வந்தது. வெளியே வந்த ருக்மிணியின் நெற்றியில் வேர்வை, முந்தானையில் பால், கண்ணில் கனல். தலை வாரிக்கொள்ள நேரமில்லை. கஸ்தூரிரங்கன் லென்ஸை இழுத்தார்; திருகினார்; பூட்டியதா என்று இந்த முறை தம் கண்ணால் குனிந்து பார்த்தார். பிறகே சன்னலில் கண் வைத்தார். குவியம் இன்னும் சேராததால், அங்கே இரண்டு ருக்மிணிகள் விலகி நின்றார்கள். வளையத்தை மெல்ல நகர்த்த நகர்த்த, இருவரும் நெருங்கி ஒருவரானார்கள்.

"வெளிச்சம் சரியா இருக்கா?" என்றார் ருக்மிணி.

"நீ பேசாம இரு. எல்லாம் சரியா இருக்கு."

தமயந்தி அந்தப் படத்தைத் தன் அலுவலகப் பைக்குள் இருந்த மடிக்கணினியில் ஏற்றி, ஆறு அடிக்கும் முன் அனுப்பிவைத்தாள். லிஃப்ட் வாசலில் ஒட்டிய அந்தப் படத்தின் முன் நின்றவர்களுக்கு, அந்தப் பெண் தங்களைத்தான் ஏதோ கேட்கிறாள் என்று தோன்றிற்று. பக்கத்துப் படத்தில் பாலசுப்ரமணியன் கோட் அணிந்து சிரித்துக்கொண்டிருந்தார். தோற்றார். பலகை இறங்கியது.

சமையலறை இன்றும் போய்வருகிறது. நாடா மீண்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. தள்ளுவதற்கு முன் கஸ்தூரிரங்கன் குரல் கொடுக்க வேண்டும், ருக்மிணி சரி சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. சரி சொல்லாத நாள்களில் அவர் லென்ஸை நீட்டியபடியே கழுத்தில் மாட்டிக்கொண்டு பேருந்தில் போகிறார். சட்டைப்பையில் அடங்கவில்லை என்று யாரிடமும் குறைப்படுவதில்லை.

வாசகர்களே, பார்த்தது போதும், எழுந்திருங்கள்! உங்கள் வீட்டுப் படங்களில் எவர் முகம் இல்லையோ, அவரை இன்றே வெளிச்சத்துக்கு அழையுங்கள். லென்ஸ் வெளியே வந்திருக்கிறதா என்று சன்னலைக் கேட்காமல் உங்கள் கண்ணைக் கேளுங்கள். எடுத்தானதும் கீழே இறங்கிப் போங்கள். உங்கள் லிஃப்ட் வாசலிலும் அப்படி ஒரு பலகை தொங்கினால், அடுத்த தேர்தலுக்குக் காத்திராமல், ஆணியோடு பிடுங்குங்கள்!