பெரிய வெள்ளிக்கு வந்த படம்

"பாரிசில ரெண்டு கிழமை நிண்டனீ. என்னடி பாத்தனீ?" என்று கேட்டாள் கிறேஸ்.

"சித்தியின்ர குசினியும் அடுப்பும்," என்றாள் றெஜினா.

"கோபுரம்?"

"சீலை எடுக்கப் போகேக்க கார்க் கண்ணாடிக்குள்ளால பாதி தெரிஞ்சது."

"லண்டனில?"

"பெரியம்மாவின்ர குசினி. அது கொஞ்சம் பெரிசு."

"அன்டன் அண்ணையோட தனிய எங்கயும் போனதே இல்லையோ?"

"போனனான். பல்லுப் புடுங்க."

"அப்ப வாயைத் திறந்து கேளன்!"

"கேப்பன்."

இருவரும் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில், மத்தியானம் உறங்கும் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து குசுகுசுத்த பேச்சு அது. அந்தப் பேச்சுக்கு இப்போது மூன்று வயது. பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். றெஜினா இன்னும் கேட்கவில்லை.

கேட்க முடியாத அளவுக்கு அவள் கணவன் அன்டன் பொல்லாதவன் இல்லை. அவர்கள் புலம்பெயர்ந்து வந்த ஊரின் துறைமுகத்துப் பக்கம் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். வீட்டில் குரல் உயர்த்தத் தெரியாதவன். அதுதான் சிக்கலே. யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு ஓம் சொல்லிவிடுவான். எப்போதும் முதலில் கேட்பது மேல்மாடியில் குடியிருக்கும் அவனுடைய அக்கா திரேசம்மா. தவிர, கலியாணமாகி ஒன்பது வருடமான பெண் போய், "உங்களோட தனிய எங்கயாவது போகவேணும்" என்று சொல்வதா? நினைத்தாலே றெஜினாவுக்குக் காது சூடாகும்.

2006ஆம் ஆண்டும் அப்படித்தான் வந்தது. யூலை மாதத்து இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், லீவுக்கான படிவம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தொங்கியது. ஈஸ்டர் முடிந்த கையோடு அன்டன் அதை வேலையிடத்தில் கொடுக்கவேண்டும். திரேசம்மா வாயாலேயே அதை நிரப்பிவிட்டாள்: "ரொறன்ரோவில எங்கட பெரியண்ணை புது வீடு வாங்கியிருக்கிறார். நீங்கள் போனா அவருக்குப் பெயின்ற் அடிக்கவும் ஆளாச்சு."

அன்டன் தலையாட்டினான். ஆனால் இன்னும் எழுதவில்லை. றெஜினாவுக்கு மிச்சமிருந்த காலம் அந்தப் பெரிய வெள்ளியும் அதன் பிறகு மூன்று நாட்களும்தான்.

பெரிய வெள்ளியன்று கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து வந்து, கஞ்சி குடித்து, அன்டன் வீட்டில் எல்லோருமாக இருந்து ஆண்டவருடைய பாடுகளைப் படமாகப் பார்ப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். போன வருடம் பிலாத்து கை கழுவுகிற இடத்தில் டிவிடி சிக்கிக்கொண்டது. அந்த மனுஷன் பத்து நிமிடம் கழுவினார். அதோடு ரத்தமும் தக்காளிச் சாறு போல இருந்ததில் திரேசம்மாவுக்குப் பெரிய மனக்குறை. எனவே இந்தமுறை தமிழ்க் கடைக்குத் தானே போய், "தம்பி, இருக்கிறதுக்குள்ள ரத்தம் கூடின படமாத் தா, பாக்கிற ஆக்கள் அழவேணும்," என்று கேட்டு வாங்கி வந்தாள். பெரிய வெள்ளிக்கு என்ன படம் என்பதையும் கடைக்காரனுக்கு வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கடைக்காரனோ கேட்டதைக் கொடுத்தான்.

படம் தொடங்கியது. முதுகில் பை சுமந்த இரண்டு பெடியன்களும் ஒரு பெட்டையும் ஏதோ ஒரு வெளிநாட்டு ரயிலில் ஏறினார்கள்.

"இது ஆர்?" என்றார் திரேசம்மாவின் கணவர் அருமைராசா.

"முதல் இந்தக் காலத்தைக் காட்டிப் பேந்து அந்தக் காலத்துக்குப் போவினம். பேசாம இருங்கோ." திரேசம்மா செபமாலையை எடுத்துக்கொண்டாள்.

றெஜினா படத்துக்குள் போய்விட்டாள். ரயில் சன்னலில் மலை ஓடியது. அந்தப் பெட்டையும் ஒரு பெடியனும் ஒரே பாண் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். கல் பாவிய தெருவில் இறங்கி, வழி தெரியாமல் சிரித்தார்கள். சாப்பிட்டாச்சோ என்று கேட்க ஒருவரும் இல்லை. எப்ப திரும்பப் போறியள் என்று கேட்கவும் ஆள் இல்லை.

பெட்டை சத்திரத்து அறையில் சட்டையைக் கழற்றினாள்.

"மகதலா மரியாள்," என்றார் அருமைராசா, கண் இமைக்காமல்.

பிறகு சத்திரத்துக்காரன் ஒரு பெடியனை நிலவறைக்கு இழுத்துப்போய்க் கட்டிவைத்து அடிக்கத் தொடங்கினான். "வந்திட்டுது!" என்று திரேசம்மா முழந்தாளிட்டாள். மற்றவர்களும் முழந்தாளிட்டார்கள். செபமாலையின் துக்க மறைபொருள் தொடங்கியது. மூன்றாவது அருள்நிறை மந்திரத்தில் ஒரு காது விழுந்தது. ஏழாவதில் இரண்டு விரல். பிறகு சத்திரத்துக்காரன் வயரை இழுத்துச் சுவரில் சொருகி, மரம் அறுக்கும் வாளை இயக்கினான்.

"அக்கா," என்றான் அன்டன் மெதுவாக, "ஆண்டவற்ற காலத்தில கரண்ட் இருந்ததோ?"

வலது கால் போனது. செபம் நின்றது.

ஆனால் நிறுத்தும் பொத்தானை ஒருவரும் அழுத்தவில்லை. முழந்தாளில் இருந்தபடியே கடைசிவரை பார்த்தார்கள். மூன்று பேரும் துண்டு துண்டாகிப் பைகளுக்குள் போனபிறகுதான் திரேசம்மாவுக்கு நா எழுந்தது.

"இண்டைக்கு மச்சம் மாமிசமே ஆகாது. என்னை என்னெல்லாம் பாக்க வச்சிட்டான் கடைக்காரன்!"

"நல்ல படம்," என்றார் அருமைராசா.

"என்ன நல்லது? ஆனா ஒரு புத்தி இருக்கு. சொந்தக்காரர் இல்லாத ஊருக்குப் போனா இதுதான் கதி. அந்த ஊரில ஒரு சித்தி இருந்திருந்தா இந்தப் பிள்ளையள் செத்திருக்குங்களே? அன்டன், அந்தப் படிவத்தை இப்பவே எழுது. ரொறன்ரோ எண்டா ரொறன்ரோதான்."

அன்டன் எழுந்து போய்ப் படிவத்தை எடுத்தான். பேனையைத் திறந்து, 'யூலை' என்று எழுதினான்.

றெஜினா இன்னும் முழந்தாளில்தான் இருந்தாள்.

"இஞ்சருங்கோ, எழுதாதேங்கோ."

எல்லோரும் திரும்பினார்கள்.

"எனக்கு அந்தப் பிள்ளையளைப் பாக்கப் பொறாமையா இருந்தது," என்றாள்.

"காலை அறுத்ததுக்கோ?" என்றான் அன்டன், பயந்துபோய்.

"அதுக்கு முதல். ரயிலில, அந்தப் பாண்."

"உவளுக்கு என்ன, ரத்தத்தைக் கண்டு தலை சுத்துதே?" என்று திரேசம்மா எழும்பப் பார்த்தாள். அருமைராசா அவளுடைய கையைப் பிடித்து இருத்தினார்.

அன்டன் பேனையை மூடிவிட்டு வந்து, மனைவிக்கு முன்னால் தரையில் அமர்ந்தான். "சொல்லும்," என்றான்.

றெஜினாவுக்குக் காது சுட்டது. சுடட்டும் என்று விட்டாள்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒரு கிழமை போதும். ஒரு சொந்தக்காரரும் இல்லாத ஊருக்கு, நீங்களும் நானும் மட்டும்."