அம்மா வாங்குன அளவு

மறுநாள் விடிஞ்சா அம்மா வருது. நான் என்னடான்னா, போடாத உடுப்பையெல்லாம் ஒரு பையில அடைச்சுக்கிட்டு மடுல்சீமை தேயிலைத் தோட்டத்துல இருந்து பதுளை டவுனுக்கு பஸ் ஏறுனேன். சீட் கிடைச்சும் உட்கார முடியல. எந்திரிச்சு நின்னேன், திரும்ப உட்கார்ந்தேன். பக்கத்துல இருந்த பொம்பளை, "என்னா புள்ள, முள்ளு மேலயா உட்கார்ந்திருக்க?"ன்னு கேட்டுச்சு. இருந்த கோவத்துல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டேன்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனப்ப நான் சின்னப் புள்ள. நடுவுல ஒரு தடவைகூட வரல, அந்த வீட்டு மேடம் விடல. ஆனா வருஷாவருஷம் தீபாவளிக்கு எனக்கு ஒரு சல்வார் வந்துரும். நல்ல துணி, கல்லு வச்ச வேலைப்பாடு, எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல எவளும் போட்டிருக்காத நெறம். முதல்ல வந்ததெல்லாம் தொளதொளன்னு இருந்துச்சு. "வளந்தா சரியாயிரும்"னு என்னை வளர்த்த அத்தை பெட்டிக்குள்ள மடிச்சு வச்சுரும். நான் வளர்றதுக்குள்ள அதுல பூஞ்சணம் பிடிச்சிரும். அப்புறம் நான் வளந்தேன், தடிச்சும் போனேன். வர்ற சல்வார் மட்டும் சின்னதாகிக்கிட்டே போச்சு. போன தீபாவளிக்கு வந்த மெரூன் கலர் தோளைத் தாண்டி இறங்கவே இல்ல.

"அளவா இருக்காடி விது?"ன்னு அம்மா வீடியோ கால்ல கேட்கும். "ம்"னு சொல்லுவேன். வேற என்னத்தைச் சொல்ல? பெத்த மகளோட அளவு உனக்குத் தெரியலன்னா சொல்ல முடியும்? அந்த வீட்டுல சமைக்கிற குசினி இருட்டுல நின்னு, முகத்துல பாதிக்கு முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு, அவசர அவசரமாப் பேசிட்டு வச்சுரும். அம்மாவுக்கு நான் இன்னும் பாலர் பாடசாலை புள்ளதான்னு நெனைச்சு எரிச்சலா வரும். நாளைக்கு வந்து பெட்டியைத் திறந்து, அனுப்புனதுல ஒண்ணுகூட நான் போட்டதில்லன்னு பார்த்தா அம்மா மனசு என்னா பாடுபடும்? அதான் எல்லாத்தையும் தச்சு என் அளவுக்கு ஆக்கிரலாம்னு கிளம்புனேன்.

போதாக்குறைக்கு, பதுளையில இறங்குனதும் பஸார்ல ஒரு கடைக் கண்ணாடிக்குள்ள கடுகு மஞ்சள்ல ஒரு கவுன் தொங்குச்சு. சும்மா போட்டுப் பார்ப்போம்னுதான் போனேன். அடி ஆத்தீ! எங்கயும் பிடிக்கல, எங்கயும் இழுக்கல. கண்ணாடியில நின்ன புள்ளையை எனக்கே பிடிச்சுப் போச்சு. வாங்கிட்டேன். வெளிய வந்த உடனே, அம்மா அனுப்புனதை மூட்டை கட்டிக்கிட்டு நீ புதுசு வாங்குறியாடின்னு மனசு குத்துச்சு.

அப்படியே மாடியில இருக்குற தையல் கடைக்கு ஏறுனேன். தைக்கிறது றிப்தா தாத்தா. முஸ்லிம் ஆளுங்க அக்காவைத் தாத்தான்னுதான் கூப்பிடுவாங்க, எனக்கும் அதுவே பழக்கமாயிருச்சு. பையைக் கொட்டுனதும் அவங்க ஒவ்வொண்ணா விரிச்சாங்க.

"என்ன புள்ள, பழசு பெரிசா இருக்கு, புதுசு சின்னதா இருக்கு? நீ தலைகீழாவா வளந்த?"

"சிரிக்காதீங்க தாத்தா. எங்கம்மாவுக்கு நான் வருஷத்துக்கு வருஷம் குழந்தையாகிக்கிட்டு வர்றேன் போல."

மெரூனைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்த்தாங்க. "தையலுக்கு உள்ளுக்கு மிச்சம் விட்ட துணியே இல்ல. பிரிச்சுவிட ஏலாது. ரெண்டு பக்கமும் வேற துணியில துண்டு வச்சாத்தான் சரி. அளவு சட்டை எங்க?"

அளவு சட்டை இல்லாம எந்தத் தையக்காரியும் கத்திரிக்கோலைத் தொட மாட்டா. நான் கடுகு மஞ்சள் கவுனை எடுத்துக் கொடுத்தேன்.

"அம்மாவுக்கும் ஒரு அளவு சட்டை அனுப்பியிருக்கலாமே, புள்ள?"

"கேட்டாத்தானே! 'உன் அளவு எனக்குத் தெரியும்'னு சொல்லிரும்."

அவங்க தச்சு முடிக்கிற வரைக்கும் நான் படியில ஏறி இறங்கிக்கிட்டே இருந்தேன்.

காலையில மெரூன் சல்வாரைப் போட்டுக்கிட்டு பதுளை பஸ் ஸ்டாண்டுல நின்னேன். கொழும்பு பஸ் வந்துச்சு. ஏர்போர்ட்டுக்குக் கூட்டி வரப் போன அப்பா முதல்ல இறங்குனாரு. பின்னால எலும்பும் தோலுமா ஒரு பொம்பளை இறங்குச்சு. நான் அதைத் தாண்டி பஸ்சுக்குள்ள அம்மாவைத் தேடுனேன்.

"விது"ன்னு கூப்பிட்டுச்சு அந்தப் பொம்பளை.

குரல்தான் அம்மா குரல். ஓடிப் போய்க் கட்டிப் பிடிச்சேன். என் ஒரு கைக்குள்ள அம்மா முழுசா அடங்கிருச்சு. அம்மா கை என் இடுப்புல பட்டுச்சு. அங்கேயே நின்னுச்சு.

"ஏன்டி இங்க துண்டு வச்சிருக்கு?"

இனிமே என்னா பொய் சொல்றது? "பத்தலம்மா. எதுவுமே பத்தல."

"பத்தலையா? எனக்கு அளவாத்தானே இருந்துச்சு! சின்னதுல நீ வளந்து போட்டுக்குவன்னு வாங்குனேன், அப்புறம் நீ அப்படியே என்னை உரிச்சு வச்ச மாதிரி இருக்கன்னு அத்தை சொன்னாங்க. அதான் மேடம் கடைக்குக் கூட்டிப் போறப்பல்லாம் நானே போட்டுப் பார்த்து வாங்குனேன்."

அப்பதான் எனக்குப் புரிஞ்சுச்சு. தொளதொளன்னு வந்த முதல் சல்வாரும் அம்மா அளவுதான். தோளைத் தாண்டாத இந்த மெரூனும் அம்மா அளவுதான். வருஷாவருஷம் வத்திக்கிட்டே வந்தது அம்மா.

"அங்க உனக்குச் சோறு போட்டாங்களா இல்லையா? சொல்லும்மா!" அழுதுக்கிட்டே கத்திட்டேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்துச்சு.

அம்மா அந்தத் துண்டோட அகலத்தை விரலால அளந்து பார்த்துச்சு.

"நீ நல்லாச் சாப்பிட்டிருக்க," அப்படின்னு சிரிச்சுச்சு. "அது போதும்டி."