துண்டுக்கு அடியில்

"குடும்பத்துல ஆருக்காச்சும் இதுபோல ரத்தம் கட்டினதுண்டோ?" என்று டாக்டர் ஷைலஜா மலையாளம் கலந்த தமிழில் கேட்டதும், இசக்கிதுரையின் வாய் அவரைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

"இல்ல மேடம். சுகர் மட்டும்தான்."

காலமெல்லாம் கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்குத் தரகு பார்த்த வாய். சாக்கில் மேலே முழுச் சரக்கு, அடியில் சொத்தை. வாங்குகிறவன் கைவிட்டுத் துழாவாதவரை வாய் திறக்கக்கூடாது. மகள் இசக்கிசெல்வியைக் கட்டிக்கொடுத்தபோதும் அதே தர்மம்தான். குடும்பத்துச் சுகரை மறைக்கவில்லை, பஜாரில் சுகர் இல்லாதவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். மறைத்தது, பிரசவத்துக்குப் பின் கால் வீங்கி மூச்சடைத்துச் செத்த தங்கச்சியை. அதே மாதிரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்ச்சேர்ந்த அப்பாவை. ஒன்றைக் காய்ச்சல் என்றார், மற்றதை நெஞ்சுவலி என்றார்.

இப்போது ஐ.சி.யூ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வி கிடந்தாள். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்கு ஏறி, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் தூக்கித் தூக்கி விழுந்தன.

"சுகரும் ரத்தத்தைக் கட்ட வைக்கும். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால இருந்ததும் சேர்ந்திருக்கும். பக்ஷே, போடுற ஊசி பிடிக்கவே மாட்டேங்குது. பரம்பரையா உள்ளதுன்னா மருந்தை மாத்தணும். ஒறப்பா, நிச்சயமா இல்லல்லோ?"

பக்கத்தில் சம்பந்தி நல்லசிவம். அவரும் தரகர். மருமகன் கத்தாரில் இருந்தான். அந்த வீட்டில் இவர் வைத்ததுதான் சட்டம். சொன்னால் செல்வி பிழைக்கலாம். பிழைத்தவள் எந்த வீட்டுக்குப் போவாள்?

டாக்டர் கதவில் கைவைத்தார்.

"உண்டு மேடம்!" இசக்கிதுரை கத்தினார். "என் தங்கச்சி. எங்கப்பா. ரெண்டு பேரும் இப்படித்தான்."

டாக்டர் திட்டுவதற்குக்கூட நிற்கவில்லை. உள்ளே ஓடினார்.

"அடிச்சாக்குல ரெண்டு சாவை வச்சுல்லா தச்சிருக்கீரு, சம்பந்தி," என்றார் நல்லசிவம். "அப்ப எம்பேரனுக்கும் இருக்குமோ?"

"அவன் எனக்கும் பேரன்தான்வே."

நல்லசிவம் தோள்துண்டை எடுத்து வலக்கைமேல் போட்டு நீட்டினார். நாலு பேர் முன்னால் வாய்விட்டு விலையோ முடிவோ சொல்லாத பழைய தரகர்களின் வழக்கம். துண்டுக்கு அடியில் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால் சரக்கை ஏற்றுக்கொண்டாயிற்று. சுண்டுவிரலை மட்டும் பிடித்து மடக்கினால் சரக்கு திரும்புகிறது. பிடித்தது பிடித்ததுதான், மறுபேச்சில்லை.

இசக்கிதுரை கையை உள்ளே விட்டார். சுகர் அவர் விரல்களை மரத்துப்போக வைத்து ரொம்ப நாளாகிறது. அதையும் பஜாரில் சொன்னதில்லை. எதிராளியின் முகத்தைப் பார்த்தே விலையைக் கண்டுபிடித்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

துண்டு அசைந்தது. நல்லசிவம் எதையோ பிடித்திருக்கிறார். எதை?

முகத்தைப் பார்த்தார். நல்லசிவம் கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டிருந்தார். அங்கே ஒரு நர்ஸ் புது மருந்துப் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். இசக்கிதுரை கையை எடுக்காமல் நின்றார்.